அப்பாவின் நாடி ஏன் விறைத்தது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஈரல் வருத்தத்தைப் பற்றியவை. பல் டொக்டரிடம் போய் ஈரலைப் பற்றிக் கேட்கிறார்களே என்று சிலர் நினைக்கலாம். திருகோணமலையில் முப்பத்தொரு வருடம் பல் வைத்தியராக இருந்தவள் நான். ஈரல் வருத்தம் வாயில் வந்து நிற்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் வழக்கமான சூத்தைப் பல், முரசு (ஈறு) வீக்கம் எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கே இடம் கொடுக்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. திருக்கடலூரில் கடற்றொழில் செய்தவர். இருபது வருடமாகச் சீனி வருத்தம். போன வருடம் ஈரலில் கட்டி என்று கண்டுபிடித்து, கொழும்பில் தொடையால் குழாய் விட்டு மருந்து ஏற்றினார்கள். இப்போது மூன்று மாதமாக நாடியில், அதாவது மோவாயில், விறைப்பு. வலை பொத்தும்போது நைலோன் நூலைக் கீழ் உதட்டில் கவ்விக்கொள்வது அவருடைய வழக்கம். நூல் உதட்டில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்றே தெரியவில்லை என்கிறார். தேத்தண்ணி நாடியால் வடிந்து சேட்டில் சொட்டிய பிறகுதான் குனிந்து பார்க்கிறார். கீழ் முரசில் சிவப்பாக ஒரு தசையும் வளர்ந்தது. வெற்றிலை போடுகிறவர் என்பதால் வாய்ப் புற்றுநோய் என்றார்கள். சோதனைக்குத் துண்டு எடுத்த அன்று இரத்தம் நிற்காமல் வார்டில் மறித்துவிட்டார்கள். இப்போது ரிப்போர்ட்டில், இது ஈரலில் இருந்து வந்தது என்று இருக்கிறது. ஈரல் எங்கே, முரசு எங்கே? குடிக்காத மனிதருக்கு ஏன் இப்படி? தாடையை வெட்டி எடுக்க வேண்டி வருமா? இதை அவரிடம் சொல்லலாமா?
(ஒரு மகள், திருக்கடலூர்)

பதில்: அன்பின் மகளுக்கு,

அந்த நைலோன் நூல் பற்றிய வரியை மூன்று தரம் வாசித்தேன். அப்பாவுக்கு எங்கே பிழைத்திருக்கிறது என்பதை அது அப்படியே சொல்லிவிடுகிறது. கீழ்த் தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கொடுப்புப் பற்களின் அடியால் வந்து, முன்பக்கத்தில் ஒரு சிறிய துவாரத்தால் வெளியேறி, கீழ் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி கொடுப்பது அதுதான். பல் பிடுங்க ஊசி போட்டால் பாதி உதடு விறைத்து, தடித்துப்போன மாதிரி இருக்குமே, அதே நரம்பு. ஊசியும் போடவில்லை, அந்தப் பக்கப் பல்லிலும் கோளாறு இல்லை, ஆனாலும் நாடி விறைக்கிறது என்றால் எலும்புக்குள் ஏதோ அந்த நரம்பை நெரிக்கிறது என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். மார்பகப் புற்றுநோயிலும் நிணநீர்ப் புற்றுநோயிலும்கூட இது வரும். நோவு இல்லாததால் ஆட்கள் மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுவார்கள். அப்பாவும் மூன்று மாதம் இருந்திருக்கிறார்.

ஈரல் எங்கே, முரசு எங்கே என்று கேட்டீர்கள். ஈரலில் இருந்து கிளம்பும் இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்துக்குப் போய், அங்கிருந்து நேரே நுரையீரலுக்குப் போகிறது. அதனால் ஈரல் புற்றுநோய் வெளியே பரவினால் பெரும்பாலும் நுரையீரலில்தான் தங்கும். அதற்குப் பிறகு நிணநீர்க் கணுக்கள், எலும்புகள், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி. தலையும் முகமும் அரிது. மண்டையோடு, கண்குழி, மூக்கின் உட்புறம், தாடை, முரசு என்று எங்கும் வரலாம், ஆனால் மிகக் கொஞ்சப் பேருக்குத்தான். வாயில் காணும் புற்றுநோய்களில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றுதான் உடம்பின் வேறொரு இடத்தில் இருந்து வந்தது. அப்படி வந்து எலும்பில் தங்கினால் மேல் தாடையை விடக் கீழ்த் தாடையின் பின்பகுதிதான் அதிகம்.

நுரையீரலில் ஒன்றும் இல்லாமலே தாடையில் மட்டும் வந்துவிடும் ஆட்களும் உண்டு. அதற்கு விளக்கம் தந்தவர் ஒஸ்கார் பட்சன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர். முதுகெலும்பை ஒட்டி இடுப்பில் இருந்து மண்டையோடு வரைக்கும் ஒரு நாளக் கூட்டம் ஓடுகிறது, அதற்கு வால்வு கிடையாது, நோய் அந்த வழியாலும் போகலாம் என்று அவர் 1940இல் எழுதினார். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், கந்தளாய்க் குளத்தில் இருந்து வயலுக்கு வரும் வாய்க்காலில் துருசு (மதகு) இருக்கும் வரைக்கும் தண்ணீர் சொன்ன பக்கம் போகும். துருசே இல்லாத வாய்க்காலில் எந்தப் பக்கம் அமுக்கம் கூடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓடும். ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் சேர்ந்தவருக்கு வயிற்றுக்குள் அமுக்கம் அதிகம். இருமினாலும் முக்கினாலும் இன்னும் கூடும். இரத்தம் அந்த வால்வில்லாத நாளங்களுக்குள் தள்ளப்படும்போது புற்றுக் கலங்களும் கூடவே போய், நுரையீரலைத் தொடாமலே மேலே ஏறிவிடலாம்.

முரசில் இருந்தாலும் அது ஈரல் புற்றுநோய்தான். அப்பாவுக்கு இரண்டு புற்றுநோய் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இப்படியான துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஈரல் கலங்கள் போலவே இருக்கும், ஈரல் கலத்துக்கே உரிய சாயங்களையும் ஏற்கும். சில வேளைகளில் முரசில் உட்கார்ந்துகொண்டே பித்தம் சுரந்துகொண்டிருக்கும், அந்தப் பச்சை கண்ணாடித் தகட்டில் தெரியும். அந்தப் பச்சையை முதன்முதலாக எனக்குக் காட்டியபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. வெற்றிலை போடுகிறவருக்கு வாய்ப் புற்றுநோய் என்று முதலில் நினைத்ததையும் நான் பெரிய பிழையாகச் சொல்ல மாட்டேன். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான், பாக்கும் புகையிலையும் அதற்குக் காரணம். ஆனால் துண்டு எடுக்கும் முன் ஈரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

இதைச் சொல்லும் உரிமை எனக்கு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தம்பலகாமத்தில் இருந்து ஒரு விவசாயி வந்தார். மேல் முரசில் நாவற்பழம் அளவில் சிவந்த தசை, தொட்டால் இரத்தம். பல்லைச் சரியாகத் துலக்காதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இப்படி வருவது வழக்கம், நூற்றுக்கணக்கில் வெட்டி எடுத்திருக்கிறேன். அதையும் வெட்டினேன். இரத்தம் நிற்கவில்லை. துணியை மடித்து வைத்துக் கடிக்கச் சொன்னேன், தைத்தேன், இரண்டு மணித்தியாலம் என் பெருவிரலால் அமுக்கிக்கொண்டு நின்றேன். அப்படி நிற்கும்போதுதான் அவர் மடியில் விரித்து வைத்திருந்த கைகளைப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் செம்பருத்தி போலச் சிவந்திருந்தன. காலில் செருப்பு வார் பதிந்த இடம் வாய்க்கால் மாதிரிக் குழி விழுந்து கிடந்தது. ஈரல் கெட்டவரின் கையும் காலும் அவை. அவர் உள்ளே வந்து கதிரையில் ஏறும்போதே நான் பார்த்திருக்கலாம். ஒரு கேள்வி கேட்டிருந்தாலே போதும். கேட்கவில்லை. அன்றிரவு இரத்தம் ஏற்றி அவரைக் காப்பாற்றினார்கள். துண்டின் ரிப்போர்ட் ஈரல் என்று வந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார்.

ஈரல் புற்றுநோயின் கட்டிக்குள் இரத்தக் குழாய்கள் நிறைந்து கிடக்கும். அதோடு, இரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களில் பெரும்பாலானவற்றைச் செய்வதே ஈரல்தான். ஈரல் சுருங்கியவருக்கு மண்ணீரல் வீங்கி, இரத்தச் சிறுதட்டுகளும் குறைந்துவிடும். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் முன்னேற்பாடு இல்லாமல் கத்தி வைக்கக் கூடாது, பல்லும் பிடுங்கக் கூடாது. துண்டு எடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. துண்டு எடுக்காமல் நோயை உறுதி செய்ய முடியாமல் போகலாம். சிறுதட்டுகளையும் உறையும் நேரத்தையும் முதலில் பார்த்து, தேவையானதை ஏற்றி, இரத்தத்தை நிறுத்த வசதியுள்ள இடத்தில் எடுக்க வேண்டும். அப்பாவின் கிளினிக் கொப்பியை எந்த டொக்டரிடம் போனாலும், கண்ணாடிக்குக் கண் பார்க்கப் போனால்கூட, கையோடு கொண்டு போங்கள். மேசையில் வைத்துவிட்டு, ஈரலில் கட்டி உள்ளவர், இரத்தம் உறையாது என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நானே கேட்காமல் விட்டவள்.

குடிக்காத மனிதருக்கு ஏன் என்பதைப் பற்றி எனக்குக் கோபமாகவே எழுத வருகிறது. ஈரல் என்றதும் சாராயம், கசிப்பு என்று அயலில் கதை கட்டிவிடுகிறார்கள். அப்பாவுக்கு இருபது வருடச் சீனி வருத்தம். சீனி வருத்தமும் உடற்பருமனும் உள்ளவர்களின் ஈரலில் கொழுப்பு படிந்து, வருடக்கணக்கில் அது தழும்பாகி, சுருங்கி, அதிலிருந்து புற்றுநோய் வரும். எங்கள் நாட்டில் ஒரு துளியும் குடிக்காத எத்தனையோ பேருக்கு இப்படித்தான் வருகிறது. ஈரல் சுருக்கம் என்று தெரிந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்று ஸ்கேன் எடுத்தால் கட்டியைச் சிறிதாகவே பிடிக்கலாம். உங்கள் அம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ சீனி இருந்தால் அவர்களுடைய ஈரலையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

தாடையை வெட்டுவது பற்றி. நோய் ஏற்கெனவே ஊர்ந்து வந்துவிட்டது என்பதால், பெரும்பாலும் தாடையை வெட்டி எடுப்பதில் பலன் இல்லை, துன்பம்தான் மிச்சம். நோவுக்கும் இரத்தக் கசிவுக்கும் கதிர்ச் சிகிச்சை நல்லது. இங்கே ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். எலும்பில் பரவிய புற்றுநோயின் நோவைக் குறைக்க, ஒரே தடவையில் கொடுக்கும் 8 கிரே அளவு கதிரும் பல நாட்களாகப் பிரித்துக் கொடுப்பதும் பெரும்பாலும் ஒரே அளவு பலன் தருகின்றன. மகரகமவில் இருக்கும் புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்து, தெரியாத ஊரில் அறை எடுத்துத் தங்கி, பத்து நாள் அலைவதற்குப் பதிலாக, “ஒரே தடவையில் கொடுக்க முடியுமா டொக்டர்?” என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிலருக்கு முடியாது, இடத்தைப் பொறுத்தது. கேட்பதில் ஒரு குறையும் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, எதை எங்கே செய்யலாம் என்று உங்கள் டொக்டரே சொல்லட்டும்.

மருந்தைப் பொறுத்தவரை, ஈரல் இன்னும் ஓரளவு வேலை செய்தால் சொராஃபெனிப் போன்ற மாத்திரைகள் கொடுப்பார்கள். ஈரல் புற்றுநோய்க்கு அது 2007இல் இருந்து பாவனையில் உள்ளது. நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசிகளும் அதற்குப் பிறகு வந்திருக்கின்றன. அவை நோயை மெதுவாக்கும், முற்றாகத் துடைக்காது. ஈரல் நன்றாகத் தளர்ந்துவிட்டால் இவை உதவியை விட உபத்திரவம் தரும். அப்போது வேண்டாம் என்று சொல்கிற டொக்டர் கைவிடுகிறார் என்று நினைக்காதீர்கள். பல் டொக்டராக நான் சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று. எலும்பைப் பலப்படுத்த சொலெட்ரோனிக் அசிட் ஊசி போடுவதாக இருந்தால், போடும் முன் அப்பாவின் பற்களை ஒருவரிடம் காட்டுங்கள். அந்த ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போவது உண்டு.

வீட்டில் நோவுக்கு டைக்ளோஃபெனக், இபுபுரோஃபென் கொடுக்கவே வேண்டாம், இரத்தமும் கசியும் சிறுநீரகமும் கெடும். பனடோல் கொடுக்கலாம், ஆனால் ஈரல் சுருங்கியவருக்கு ஒரு நாளைக்கு நான்கு மாத்திரைக்கு மேல் போக வேண்டாம், அதையும் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். மோர்பின் தந்தால் பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வராமல் பார்க்க வேண்டும், வந்தால் ஈரல் வருத்தக்காரருக்குப் புத்தி மயங்கும். தேத்தண்ணியை ஆற வைத்துக் கொடுங்கள். விறைத்த உதட்டுக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகும் தெரியாது.

கடைசிக் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சலூனில் தலைமயிர் வெட்டுகிறவர்தான் முதலில் கண்டார். வாப்பாவின் தலையில், பின்பக்கம், எலுமிச்சம்பழத்தில் பாதி அளவு ஒரு வீக்கம். நோவு இல்லை. ஈரல் கிளினிக்குக்குப் போய் வருகிறவர். எண்ணெய் போட்டு உருவினால் கரையும் என்று மாமா சொல்கிறார். பக்கத்து டிஸ்பென்சரியில் கீறி எடுக்கலாமா?
(ஒரு மகன், மூதூர்)

பதில்: தம்பி, உருவவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். தலையில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை கொழுப்புக் கட்டி, எண்ணெய்க் கட்டிதான், ஆபத்து இல்லாதவை. வாப்பாவினதும் அப்படியே இருக்கலாம். ஆனால் ஈரல் வருத்தக்காரரின் மண்டையோட்டில் நோய் வந்து எலும்பைத் தின்று, தோலுக்குக் கீழே இப்படி மெதுவான வீக்கமாகத் தெரிவதும் உண்டு. எண்ணெய்க் கட்டி என்று நினைத்துக் கீறினால் டிஸ்பென்சரியில் அந்த இரத்தத்தை நிறுத்த ஆள் இல்லை. விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். தோலோடு சேர்ந்து நகர்கிறதா, எலும்போடு ஒட்டி நிற்கிறதா, இதயம் அடிப்பது போல் துடிக்கிறதா? பதில் எதுவாக இருந்தாலும் அடுத்த கிளினிக் நாளில் காட்டுங்கள், ஸ்கேனில் எலும்பு அரித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். பொருள் இரண்டாகத் தெரிந்தால், ஒரு கண் முன்னே தள்ளி வந்தால், இமை தொங்கினால், பார்வை மங்கினால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். கண்குழியிலோ மண்டையோட்டின் அடியிலோ நோய் நரம்பை நெரித்தால் சில நாட்களில் பார்வை போய்விடக்கூடும்.

கேள்வி: ஈரல் சுருக்கம் உள்ள என் கணவருக்கு மூக்கால் இரத்தம் வருகிறது. புற்றுநோய் மூக்குக்கு வந்துவிட்டதா?
(வாசகி, கிண்ணியா)

பதில்: அநேகமாக இல்லை. சிறுதட்டுகள் குறைந்தவருக்கு மூக்கால் இரத்தம் வருவது சாதாரணம், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மூக்கு வறண்டு இன்னும் கூடும். நிமிர்ந்து உட்காரவைத்து, தலையைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்து, மூக்கின் மெதுவான பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். தலையைப் பின்னுக்குச் சாய்க்கக் கூடாது. இரத்தத்தை விழுங்கினால் ஈரல் வருத்தக்காரருக்கு அதுவே மயக்கத்தைக் கொண்டு வரும். எப்போதும் ஒரே பக்கத்தால் வந்து, அந்தப் பக்கம் மூக்கு அடைத்தும் இருந்தால் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். இரத்தமாக வாந்தி எடுத்தால் கதை வேறு, உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: ஈரல் புற்றுநோய் உள்ள மாமியாரோடு ஒரே கோப்பையில் சாப்பிடலாமா?
(பாலையூற்று)

பதில்: தாராளமாக. புற்றுநோய் தொற்றாது. அவருக்கு அது ஹெப்படைட்டிஸ் பி வைரஸால் வந்திருந்தால் மட்டும் வீட்டில் எல்லாரும் இரத்தம் சோதித்து, தேவையானவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் சாப்பாட்டால் பரவாது, இரத்தத்தால் பரவும். சவரத் தகடு, பல் தூரிகை தனித்தனியாக இருக்கட்டும். இலங்கையில் 2003இல் இருந்து குழந்தைகளுக்கு இந்த ஊசி போடப்படுகிறது, பெரியவர்கள்தான் விடுபட்டுப் போனவர்கள்.

இனி, திருக்கடலூர் மகளுக்கு.

அப்பாவிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். கடிதத்தின் மறுபக்கத்தில், ஓரத்தில், வேறு பேனையால் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். போன கிழமை அப்பா வலையை மடியில் வைத்துக்கொண்டு, “கண்ணி பிடிக்கிற விதத்தைத் தம்பிக்குப் பழக்க வேணும், நாள் கிடக்குதோ தெரியாது” என்றாராம். நீங்கள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டீர்களாம்.

அவருக்குத் தெரியும், மகள். உதட்டில் நூல் இல்லாததை உணர முடியாத மனிதர், மூன்று மாதம் அதைப் பற்றி யோசிக்காமல் இருந்திருப்பாரா? அவர் உங்களிடம் கதவைத் திறந்து வைத்தார், நீங்கள் பயந்து போய்விட்டீர்கள். நானும் என் அம்மாவிடம் அப்படித்தான் எழும்பிப் போனேன், அதனால் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் வலை பொத்தும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்காருங்கள். அந்த வேலையில் ஒருவரை ஒருவர் முகம் பார்க்கத் தேவையில்லை, பேசுவதற்கு நல்லது. “டொக்டர் சொன்னதில் உங்களுக்கு என்ன விளங்கினது அப்பா?” என்று முதலில் அவரைக் கேளுங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். எவ்வளவு காலம் என்று கேட்டால், அது எனக்குத் தெரியாது, அடுத்த கிளினிக்கில் இரண்டு பேருமாகக் கேட்போம் என்று சொல்லலாம்.

தம்பியையும் அன்றைக்குக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நூலை அவன் தன் உதட்டில் பிடித்துக் கொடுக்கட்டும்.